ஆணுறை யார் கையில்? சுற்றுலா நகரங்களில் பாலியல் தொழிலும் பாதுகாப்பும்

சிமென்ட், பெயின்ட், பூச்சிமருந்து விற்கும் டீலர்களைக் கம்பெனிகள் கூட்டமாக பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் அழைத்துப் போவது பல வருட வழக்கம். “பாங்காக் டூர்” என்றாலே டீக்கடையில் ஒரு நமட்டுச் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்போடு இரண்டு அபிப்பிராயங்களும் சேர்ந்தே வரும். ஒன்று, “அங்கே போனா எய்ட்ஸ்தான் மிச்சம்.” இன்னொன்று, “அதெல்லாம் அந்த ஊர் கவர்மென்ட்டே செக் பண்ணி வெச்சிருக்கும், ஒண்ணும் ஆகாது.” இரண்டும் தப்பு. தாய்லாந்தில் பாலியல் தொழில் சட்டப்படி குற்றம்; யாருக்கும் அரசு உத்தரவாதம் கொடுப்பதில்லை.

படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: “அந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை.” மூன்றிலும் இதைத்தான் மோசமான தவறு என்பேன், ஏனென்றால் கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது.

ஒரு சுற்றுலாப் பயணியும் பாலியல் தொழிலாளியும் ஓர் அறைக்குள் போகிறார்கள். அங்கே ஆணுறை வெளியே வருமா, பையிலேயே இருக்குமா? அதை எது தீர்மானிக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். பெரும்பாலும் தாய்லாந்தை வைத்தே பேசுகிறேன். இந்த விஷயத்தில் பெரிய வெற்றியையும் அதன் எல்லையையும் சேர்த்துப் பார்த்த நாடு அது. பேசுவது வயது வந்தவர்கள் தாமே பணத்துக்குச் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி மட்டும். குழந்தைகளை வைத்தும், கடத்திக்கொண்டு வந்தவர்களை வைத்தும் நடப்பது அப்பட்டமான குற்றம். அது இந்தக் கணக்கில் சேராது.

## பத்தாவது ஆள்

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

பாதுகாப்பான உடலுறவு என்றால், கிருமி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் வழியை அடைப்பது. அதற்கு மலிவான, எங்கும் கிடைக்கிற கருவி ஆணுறை. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா என்று பலவற்றை ஒரே நேரத்தில் தடுக்கும். சிபிலிஸ், ஹெர்பிஸ் போல தோலோடு தோல் பட்டும் பரவுகிறவற்றில் காப்பு சற்றுக் குறைவு, ஆனாலும் உண்டு.

இரண்டாவது, இடைவிடாத பயன்பாடு. “ஆணுறை பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆய்வாளர்கள் கேட்பது வேறு: ஒவ்வொரு முறையுமா? ஒவ்வொருவரிடமுமா? ஒன்பது பேரிடம் கறாராக இருந்துவிட்டுப் பத்தாவது ஆளிடம் விட்டுக்கொடுத்தால், கிருமிக்கு அந்த ஒருவர் போதும். ஒரே ஒரு முறை உறவில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பலர் நினைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் வேறு நோய் இருந்தால் அது பல மடங்கு கூடும். அதே பத்தாவது ஆளிடம் திரும்பத் திரும்ப விட்டுக்கொடுத்தாலும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே “ஏன் ஆணுறை போடுவதில்லை?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்தப் பத்தாவது ஆள் யார், அவரிடம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க நேர்கிறது என்று கேட்கவேண்டும்.

## ஆட்டோ ஸ்டாண்டில் நடப்பது

ரயில் நிலைய வாசலில் பத்து ஆட்டோ நிற்கிறது. நூற்றைம்பது ரூபாய் தூரம். ஓட்டுநருக்கும் தெரியும், ஏறுகிறவருக்கும் தெரியும். “நூறுன்னா வரேன், இல்லேன்னா பின்னாடி நிக்கிற வண்டியில போய்க்கிறேன்” என்கிறார் பயணி. காலையிலிருந்து போணி ஆகாத ஓட்டுநர் முனகிக்கொண்டே மீட்டரை மூடுகிறார். அவருக்குப் பெட்ரோல் விலை தெரியாதா? தெரியும். ‘ஆட்டோ ஓட்டுநர்களுக்குக் கட்டண விழிப்புணர்வு முகாம்’ நடத்தினால் இது மாறுமா? மாறாது.

ஸ்டாண்டில் நிற்கிற பத்துப் பேரும் நூற்றைம்பதுக்குக் குறைந்து யாரும் போவதில்லை என்று நின்றால் மாறும். அப்போது “பின்னாடி வண்டி” என்கிற மிரட்டல் செல்லாது. ஆனால் பத்தில் ஒருவர் நழுவினாலும் மற்ற ஒன்பது பேரும் கீழே இறங்கியாக வேண்டும். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் புத்திசாலித்தனமாகத் தெரிகிற முடிவு, மொத்தமாகச் சேரும்போது எல்லோருக்கும் நட்டமாகும் இந்த நிலையைப் பொருளியலில் கூட்டுச் செயல் சிக்கல் என்பார்கள்.

கட்டணம் இருந்த இடத்தில் ஆணுறையை வைத்துப் பாருங்கள். “வேண்டாம்னா சொல்லு, பக்கத்து பாருக்குப் போறேன்.” அச்சு அசலாக அதே பேரம்தான். இழப்பு மட்டும் ஐம்பது ரூபாயோடு நிற்காது.

## பேர வலு

பேர வலு என்று ஒன்று உண்டு. “முடியாது” என்று சொன்ன பிறகும் பெரிதாக எதையும் இழக்காமல் இருக்கமுடிகிற அளவுதான் அது. தைரியசாலியா, பயந்தவரா என்பது அதில் சின்னப் பங்கு. வாடகை பாக்கி, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம், இன்று இதுவரை எத்தனை வாடிக்கையாளர் வந்தார்கள், பக்கத்தில் கூப்பிட்டால் வர ஆள் உண்டா என்பவைதான் பெரிய பங்கு.

பணத்தின் எடையை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மெக்சிக்கோவில் ஒரு பொருளியல் ஆய்வு, 2005இல் வெளியானது: ஆணுறை இல்லாத உறவுக்கு வாடிக்கையாளர்கள் சராசரியாக 23 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் நடந்த இன்னோர் ஆய்வில், எப்போதும் ஆணுறையை வற்புறுத்திய பெண்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தது தெரிந்தது. பாதுகாப்புக்கு விலை உண்டு, அதைக் கட்டுவது தொழிலாளி. இந்த எண்களைப் பார்த்த பிறகும் ‘விழிப்புணர்வு’ என்று பேசுகிறவர்களை என்ன சொல்வது?

பட்டாயா பார்களின், பாங்காக்கின் பட்பாங் பகுதி பார்களின் சம்பள முறையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாடிக்கையாளர் பாரில் வேலை செய்யும் பெண்ணுக்கு வாங்கிக்கொடுக்கும் ஒவ்வொரு மதுவுக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு. ‘லேடி டிரிங்க்’ என்பார்கள். அதாவது குடிப்பதே சம்பளத்தில் ஒரு பகுதி. அவரை வெளியே அழைத்துப் போகவேண்டுமானால் வாடிக்கையாளர் பாருக்கு ஒரு தொகை கட்டவேண்டும்; அது ‘பார் ஃபைன்’. மாதத்துக்கு இத்தனை டிரிங்க், இத்தனை பார் ஃபைன் என்று இலக்கு வைத்து, எட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகளும் உண்டு.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். இரண்டு பேரும் குடித்திருக்கிறார்கள். பார் ஃபைன் கட்டியாகிவிட்டது. அந்த நிமிடமே பாரின் பாதுகாவலர், தோழிகள், வெளிச்சம் எல்லாம் பின்னால் போய்விடுகிறது. ஆணுறைப் பேச்சு எழுவது ஹோட்டல் அறையில், கதவு மூடிய பிறகு. பேர வலு எங்கே மிகக் குறைவோ அங்கேதான் பேரம் நடக்கிறது. பார் ஃபைன் கட்டிய ஆள், தான் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டதாகவே நினைப்பார். அது பாருக்குக் கட்டிய பணம், அந்தப் பெண்ணின் கூலி அல்ல என்பது அவருக்குத் தோன்றாது.

பருவமும் உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூட்டம். மே முதல் அக்டோபர் வரை மழை, பார் ஸ்டூல்கள் காலி. கூட்டக் காலத்தில் “போடலேன்னா வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். ஆள் வராத நாளில் அதே வார்த்தை வாயில் வராது.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: அறிவு இருக்கிறது, முடிவை எடுப்பது பேர வலு, அந்த வலு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, மணிக்கு மணி, மாதத்துக்கு மாதம் மாறும்.

## சுற்றுலாப் பயணி ஏன் வேறு மாதிரி வாடிக்கையாளர்

உள்ளூர் வாடிக்கையாளருக்கு நாளைக்கும் அதே ஊரில் நடமாடவேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் ஒருபோதும் செய்யாததை வெளியூரில் செய்வது மனித இயல்பு. விடுமுறை என்பதே விதிகளுக்கும் சேர்த்துத்தான் என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது.

மொழி அடுத்தது. விலை பேச இருபது ஆங்கிலச் சொற்கள் போதும். “சென்ற மாதம் பரிசோதனை செய்தேன், எனக்கு எந்த நோயும் இல்லை, ஆனாலும் ஆணுறை இல்லாமல் எனக்குச் சம்மதமில்லை” என்று சொல்லிப் புரியவைக்க அது போதாது. பேரம் சைகைக்கு இறங்கும்போது வலுத்தவர் சைகைதான் ஜெயிக்கும்.

வயது பற்றிப் பலரும் எழுதக் கூச்சப்படுவார்கள். பட்டாயாவுக்கு வரும் மேற்கத்திய வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற வயதுக்காரர்கள் கணிசம். ஆணுறை போட்டால் விறைப்பு தளர்ந்துவிடும் என்ற பயம் அவர்களில் பலருக்கு. அதை வெளியே சொல்ல வெட்கம். அதனால் “எனக்குப் பிடிக்காது” என்று கோபமாகச் சொல்லிவிடுவார்கள்.

தோற்றத்தை வைத்து எடை போடுவது இரண்டு பக்கமும் நடக்கும். “பார்க்க ஆரோக்கியமா இருக்கா, கிராமத்திலிருந்து இப்பதான் வந்திருக்கா” என்று அவர் நினைக்கிறார். “வயசானவர், சுத்தமா இருக்கார், குடும்பஸ்தர் மாதிரி தெரியுது” என்று இவர் நினைக்கிறார். எச்.ஐ.வி. தொற்றியவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கமுடியும். முகத்தில் அது எழுதியிருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, விளைவு வேறு ஊரில் தெரிகிறது என்பது. சிபிலிஸ் புண் வெளியே வரச் சராசரியாக மூன்று வாரம். அதற்குள் அவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ திருச்சியிலோ இருப்பார். இது ஏன் பெரிய சிக்கல் என்பது தாய்லாந்தின் ராச்சபுரி மாகாணத்துக்குப் போனால் புரியும். அதற்கு முன்னால் இன்னொரு ஆளைப் பார்த்துவிடலாம்.

## காதலனாகிவிட்ட வாடிக்கையாளர்

சமூகவியலாளர் எரிக் கோஹன் 1980களில் பாங்காக்கின் ஒரு சந்தில் வெளிநாட்டு ஆண்களும் தாய்ப் பெண்களும் பழகும் விதத்தை ஆராய்ந்தார். அவர் கண்டது, எங்கே வியாபாரம் முடிகிறது, எங்கே உறவு தொடங்குகிறது என்ற கோடே இல்லாத ஓர் ஏற்பாடு. இன்றும் அப்படித்தான். ஒரு இரவு என்று தொடங்கும். பிடித்துப்போனால் ஒரு வாரம். சேர்ந்து தீவுக்குப் போவார்கள், சந்தையில் சாப்பிடுவார்கள், அவர் சட்டையை இவர் துவைத்துப் போடுவார். மணிக்கணக்குக்கு விலை பேசுவது நின்றுவிடும். அவராகப் பார்த்துச் செலவு செய்வார். ஊருக்குப் போன பிறகும் மாதம் ஒரு தொகை அனுப்புவார். அந்தப் பணத்தில் வடகிழக்கே ஈசான் பகுதிக் கிராமத்தில் அம்மாவின் வீட்டுக் கூரை மாறும், தம்பி பள்ளிக்குப் போவான்.

இந்த உறவில் ஆணுறை என்ன ஆகும்? முதல் நாள் இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ போய்விடும். ஆணுறை என்பது ‘நீ வாடிக்கையாளன்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. அதை விட்டுவிடுவது ‘நீ எனக்கு வேறு’ என்று சொல்வதுபோல. மழைக்காலத்திலும் மாதாமாதம் வரும் பணத்துக்கு வழி திறக்கிற இந்த ஆளிடம் ஆணுறையை வற்புறுத்துவது அந்தப் பெண்ணின் கண்ணில் முதலீட்டைக் கெடுத்துக்கொள்வது. ஏமாந்தார் என்றோ ஏமாற்றினார் என்றோ சொல்லிவிட்டுப் போகமுடியாது. பல நேரம் பாசமும் உண்மை, கணக்கும் உண்மை. எது எவ்வளவு என்று அவரிடமே கேட்டாலும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சிக்கல் என்னவென்றால், அவர் ஊருக்குப் போன பத்து மாதமும் இவர் சும்மா இருப்பதில்லை. அவரும் அங்கே தனியாக இருப்பார் என்று நிச்சயமில்லை. உலகம் முழுக்க இந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்று: புது வாடிக்கையாளரிடம் ஆணுறைப் பயன்பாடு மிக அதிகம், பழகிய வாடிக்கையாளரிடம் குறைவு, காதலனிடமும் கணவனிடமும் மிக மிகக் குறைவு. நாம் தேடிய பத்தாவது ஆள் பெரும்பாலும் முரடனோ குடிகாரனோ இல்லை. அன்பாக இருப்பவர்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எடுத்த ஆய்வில். பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளில் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் மருத்துவமனைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், தங்கள் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். இப்படி ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தொற்றைக் கொண்டுபோகும் ஆண்களைப் பாலக் குழு என்பார்கள். டீலர் டூர் முடிந்து விமானம் ஏறுகிறவரும் அந்தப் பாலத்தில் இருக்கக்கூடியவர்தான்.

## ராச்சபுரி, 1989

1989 ஜூனில் தாய்லாந்து முதன்முறையாகப் பல மாகாணங்களில் ஒழுங்காக எச்.ஐ.வி. கணக்கெடுப்பு நடத்தியது. வடக்கே சியாங் மாயில் பாலியல் தொழில் விடுதிகளில் வேலை செய்த பெண்களில் 44 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்புதான், 1987இல், நாடே ‘தாய்லாந்துக்கு வாருங்கள்’ என்று சுற்றுலா ஆண்டு கொண்டாடியிருந்தது. எய்ட்ஸ் பற்றி உரக்கப் பேசினால் சுற்றுலா படுத்துவிடும் என்று அதிகாரிகள் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது.

ராச்சபுரி பாங்காக்குக்கு மேற்கே உள்ள மாகாணம். அங்கே தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்த டாக்டர் விவத் ரோஜனபித்தயகோர்னுக்கு ஆட்டோ ஸ்டாண்ட் கணக்கு புரிந்திருந்தது. பெண்களுக்கு அறிவுரை சொல்லிப் பிரயோஜனமில்லை. ‘பக்கத்து விடுதி’ என்ற மிரட்டலை எடுத்துவிடவேண்டும். ஆளுநர், போலீஸ், சுகாதாரத் துறை மூன்றையும் உட்காரவைத்து ஒரே விதி போட்டார்: மாகாணத்தில் எந்த விடுதியிலும், யாருக்கும், ஆணுறை இல்லாமல் இல்லை. ஆணுறை இலவசம். இதுதான் பின்னால் நூறு சதவீத ஆணுறைத் திட்டம் என்று பெயர் பெற்றது.

விதியை எப்படிக் கண்காணிப்பது? அறைக்குள் எட்டிப் பார்க்கவா முடியும்? அவர் செய்தது எளிமையானது. பால்வினை நோய்க்கு மருந்து கேட்டு அரசு மருத்துவமனைக்கு வரும் ஆணிடம் ஒரே கேள்வி: கடைசியாக எந்த விடுதிக்குப் போனீர்கள்? ஒரே விடுதியின் பெயர் திரும்ப வந்தால் அங்கே விதி மீறப்படுகிறது என்று அர்த்தம். முதலில் அறிவுரை, அடுத்து எச்சரிக்கை, கேட்காவிட்டால் சில நாள் கதவடைப்பு. தண்டனை முதலாளிக்கு. அதனால் இதுவரை “கஸ்டமர் கேட்டா செய்” என்ற அதே முதலாளி “போடாட்டி வெளியே போகச் சொல்லு” என்று பேச ஆரம்பித்தார். “எனக்கு ஒண்ணுமில்லை சார், முதலாளி ஒத்துக்க மாட்டார்” என்று அந்தப் பெண்ணால் சொல்லமுடிந்தது. மறுப்பின் பழி தன் மேல் விழாமல் மறுக்க ஒரு வழி கிடைத்தது. இந்தத் திட்டத்தின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1991இல் பிரதமர் ஆனந்த் பன்யாரசுன் தலைமையிலான தேசியக் குழு இதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. அவர் அமைச்சரவையில் இருந்த மெச்சாய் விரவைத்யா ஏற்கெனவே ஆணுறைக்காக ஊரெல்லாம் வேடிக்கை காட்டி நடந்தவர்; தாய்லாந்தில் ஆணுறைக்கே ‘மெச்சாய்’ என்று செல்லப்பெயர் உண்டு. ரேடியோவிலும் டி.வி.யிலும் எச்சரிக்கை விளம்பரம் ஓயாமல் வந்தது. அரசு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி ஆணுறைகளை இலவசமாகக் கொடுத்தது.

பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14 சதவீதம், 1993இல் 94. ஆண்களிடம் பால்வினை நோய்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. சொல்வது ஒன்று செய்வது ஒன்றாக இருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு சாட்சி இருந்தது. தாய்லாந்து ராணுவத்துக்கு 21 வயது இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர்கள் ரத்தப் பரிசோதனை நாட்டு இளைஞர்களின் நிலையை ஓரளவு காட்டும். 1993இல் அவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்குத் தொற்று. அதன்பின் ஆண்டுதோறும் இறங்கியது. நாடு முழுவதும் புதிய தொற்றுகள் 1991இல் சுமார் 1,43,000 என்றும் 2003இல் சுமார் 19,000 என்றும் கணக்கிட்டார்கள். பயத்தில் விடுதிக்குப் போவதையே விட்டவர்களும் நிறைய. முழுப் பெருமையும் திட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

சுருக்கமாக: அறிவைக் கூட்டியதைவிட, தனியாள் பேரத்தை எல்லோருக்குமான விதியாக மாற்றியதுதான் வேலை செய்தது.

## விதி எட்டாத இடங்கள்

இப்போது சுற்றுலாப் பயணியைத் திரும்ப உள்ளே கொண்டுவருவோம். ராச்சபுரி முறை நாலு சுவரும் ஒரு முதலாளியும் உள்ள விடுதிக்கானது. பட்டாயாவில் பார் என்பது சந்திக்கும் இடம் மட்டும், மற்றது ஹோட்டலில். கடற்கரைச் சாலையில் தனியாக நிற்பவருக்கும், இப்போது போன் செயலியில் ஆள் பிடிப்பவருக்கும் முதலாளியே இல்லை. எச்சரிக்க யாரை எச்சரிப்பது? நோய் வந்த வாடிக்கையாளர் உள்ளூர் மருத்துவமனைக்கு வருவதே இல்லை. எந்த பார் என்று கேட்க ஆள் கிடையாது. உள்ளூர்க்காரர்களை வைத்துப் பின்னிய வலையில் விமானத்தில் வந்து போகிறவர் அகப்படமாட்டார்.

இன்னொரு குறையும் உண்டு. போலீஸை வைத்து நடத்திய திட்டம் பெண்களைக் கேட்டு நடத்திய திட்டம் அல்ல. கட்டாயப் பரிசோதனை, பெயர்ப் பதிவு என்று பல இடங்களில் அது மிரட்டலாக மாறியது. எம்பவர் போன்ற பாலியல் தொழிலாளர் அமைப்புகள் இதை வெளிப்படையாக விமர்சித்தன. எனக்கும் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றே படுகிறது: நோயைக் கொண்டுவரும் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் வரிசையில் நிறுத்திப் பரிசோதிப்பது பாதி வேலைதான்.

சட்டம் வேறு குறுக்கே நிற்கும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்லாந்தில் தொழில் குற்றம் என்பதால், சோதனைக்கு வரும் போலீஸ் ஆணுறையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதாகப் பல காலம் புகார். இலங்கையிலும் 1841ஆம் ஆண்டுக் காலனிகாலச் சட்டமான நாடோடிகள் கட்டளைச் சட்டத்தை வைத்துத் தெருவில் நிற்பவர்களைப் பிடிக்கிறார்கள். கைப்பையில் ஆணுறை இருப்பதே வம்பாகிவிடும். ஒரு துறை இலவசமாகக் கொடுப்பதை இன்னொரு துறை பறிமுதல் செய்கிறது. பத்து ஆணுறையோடு கிளம்பவேண்டியவர் இரண்டோடு கிளம்புவார். மூன்றாவது வாடிக்கையாளர் வந்தால்?

## கரீபியன் கடற்கரையில் ஒரு சோதனை

டொமினிக்கன் குடியரசின் சுற்றுலா நகரமான புவெர்ட்டோ பிளாட்டாவில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். தொழிலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒற்றுமையை வளர்ப்பது ஒரு பக்கம். ஆணுறைக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் அரசு விதி இன்னொரு பக்கம். 2006இல் முடிவுகள் வெளியாயின. பாதுகாப்பற்ற உறவை வாய்விட்டு மறுத்தவர்கள் 50 சதவீதத்திலிருந்து 79.4 ஆனார்கள். பால்வினை நோய் 28.8இலிருந்து 16.3 சதவீதமாக இறங்கியது.

எனக்குச் சுவாரசியமான எண் வேறு. பழகிய துணைகளிடம் இடைவிடாத பயன்பாடு 13இலிருந்து 28.8 சதவீதமாயிற்று. இரண்டு மடங்குக்கு மேல் என்று கொண்டாடலாம். விதியும் ஒற்றுமையும் சேர்ந்து தள்ளிய பிறகும் பத்தில் ஏழு பேர் அங்கே இல்லை என்றும் சொல்லலாம். பாருக்கு விதி போடலாம். காதலுக்கு யார் விதி போடுவது?

## ஆண் விற்பவராக இருந்தால்

இலங்கையின் ஹிக்கடுவ, நீர்கொழும்புக் கடற்கரைகளில் வெளிநாட்டுப் பெண்களோடும் ஆண்களோடும் பழகி வாழும் இளைஞர்களை ‘பீச் பாய்ஸ்’ என்பார்கள். அந்நாட்டு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் அவர்களைத் தனிக் குழுவாகவே கணக்கில் வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பெண் வாடிக்கையாளர் என்றால் பணம் ஒருவர் கையில், ஆணுறை அணிவது இன்னொருவர் உடலில். அந்த இளைஞர் இதைத் தொழில் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தப் பெண்ணும் தன்னை வாடிக்கையாளர் என்று நினைக்கமாட்டார். பேரமே நடக்காத இடத்தில் ஆணுறைப் பேச்சுக்கு நுழைவாசல் இருக்காது.

## எண்ணெய், மாத்திரை, 72 மணி நேரம்

மனசும் பணமும் சரியாக இருந்து பொருள் காலை வாருவதும் உண்டு. மசாஜ் நிலையங்களில் கையெல்லாம் எண்ணெய். பேபி ஆயிலோ தேங்காய் எண்ணெயோ பட்டால் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து, கிழிய ஆரம்பிக்கும். வழுவழுப்புக்கு நீர் சார்ந்த ஜெல்தான் சரி. இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டு ஆணுறை போடுவதும் தப்பு. ஒன்றோடொன்று உரசிக் கிழியும் அபாயம்தான் கூடும்.

ஆணுறைக்குச் சம்மதிக்காத ஆளிடம் என்ன செய்வது என்ற பழைய கேள்விக்கு இப்போது ஒரு பாதி விடை இருக்கிறது. பிரெப் என்பது தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து. ஒழுங்காக எடுத்தால் எச்.ஐ.வி. வருவதைத் தடுக்கும். யாரையும் கேட்டு, யாரிடமும் பேரம் பேசி எடுக்கவேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பட்பாங்கில் ஸ்விங் என்ற அமைப்பு, தொழிலில் இருந்தவர்களையே பணியாளர்களாக வைத்துப் பரிசோதனையும் பிரெப்பும் கொடுக்கிறது. ஆனால் பிரெப் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸ், கொனோரியா, கருத்தரிப்பு எதையும் தடுக்காது.

நடந்துவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது என்றால் பெப் என்ற அவசர மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டூர் முடியும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் அந்த 72 மணி நேரம் ஓடிவிடும். பாங்காக்கிலேயே மருத்துவரைப் பார்த்துவிடவேண்டும். திரும்பி வந்த பிறகு பரிசோதனைக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை, முடிவு ரகசியம். தொற்றிய உடனே எடுக்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து ஒருமுறையும், அங்கே சொல்கிற இடைவெளியில் மறுபடியும் எடுக்கவேண்டும். அதுவரை வீட்டிலும் ஆணுறை. சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. பெயரைச் சொல்லாமலே பேசலாம்.